ஓனர் தண்ணீர், கரன்ட்டை நிறுத்தினால் எந்த கோர்ட்டுக்கு போகணும்?

"நாளைக்கே காலி பண்ணு" என்று கத்திவிட்டு வீட்டு ஓனர் தண்ணீர் மோட்டாரை நிறுத்தினால், குடியிருப்பவர் முதலில் ஓடுவது போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான். "இது சிவில் மேட்டர், கோர்ட்டுல பார்த்துக்கோங்க" என்று அங்கே திருப்பி அனுப்பி விடுவது உண்டு. எந்த கோர்ட் என்பதுதான் பலருக்கும் தெரியாது.

தமிழகத்தில் 1960ம் ஆண்டு வாடகை கட்டுப்பாட்டு சட்டம் இப்போது இல்லை. அதற்கு பதிலாக 2017ல் கொண்டு வந்த புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22ந் தேதி அமலுக்கு வந்தது. இதன்படி தகராறுகளை 3 இடங்கள் விசாரிக்கின்றன.

வாடகை அதிகாரி: துணை கலெக்டர் அந்தஸ்துக்கு குறையாதவர். வாடகை ஒப்பந்தத்தை பதிவு செய்வது இவர்தான். ஓனர் வாடகையை வாங்க மறுத்தால் இவரிடம் கட்டலாம். கரன்ட், தண்ணீரை துண்டித்தாலும் இவரிடம்தான் மனு கொடுக்க வேண்டும். விசாரணை முடிவதற்குள்ளேயே இணைப்பை திரும்ப கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போட இவருக்கு அதிகாரம் உண்டு.

வாடகை கோர்ட்: காலி செய்ய வைக்கும் வழக்கு இங்கே வரும். சென்னையில் சிறு வழக்குகள் கோர்ட்டில் இது நடக்கிறது. வாடகை பாக்கி, ஓனரை கேட்காமல் உள்வாடகைக்கு விடுவது, ஓனருக்கே வீடு தேவைப்படுவது போன்ற காரணங்களை ஓனர் நிரூபிக்க வேண்டும். கோர்ட் உத்தரவு இல்லாமல் சாமான்களை தெருவில் தூக்கிப் போட அவருக்கு உரிமை கிடையாது.

வாடகை தீர்ப்பாயம்: வாடகை கோர்ட் தீர்ப்பு பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் இங்கே அப்பீல் செய்யலாம்.

இந்த சட்டத்தில் வரும் தகராறுகளை சாதாரண சிவில் கோர்ட் விசாரிக்க முடியாது. ஆனால் 'வீடு அண்ணனுக்கா, தம்பிக்கா' என்ற சொத்து சண்டையை வாடகை கோர்ட் தீர்க்காது. அதற்கு சிவில் கோர்ட்டுக்குத்தான் போகணும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை எழுத்து மூலமான ஒப்பந்தம். அதை 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். வாய்ப்பேச்சை நம்பி குடியேறினால், மனு போடும்போதே சிக்கல் ஆரம்பமாகி விடும்.

வீட்டுக்கு அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது சட்டம். ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுவே செல்லும். '10 மாத அட்வான்ஸ்' என்று எழுதிய பேப்பரில் கையெழுத்து போட்டுவிட்டு பிறகு சட்டம் பேச முடியாது. ஆகவே, கையெழுத்துக்கு முன்னாடி ஒரு தடவை முழுசா படிங்க. வாடகை ரசீதையும் பத்திரமா வச்சுக்கோங்க!