ஒரு மணி நேரம் ஐந்து நிமிடமான வரலாறு

1870-களில் பாரிஸின் சல்பெத்ரியேர் மருத்துவமனையில் போர்ன்வில் என்ற மருத்துவர், வலிப்பு ஓயாத நோயாளிகளின் உடல் வெப்பத்தை அளந்து குறித்துவந்தார். வலிப்பு நீள நீள வெப்பம் ஏறியது. பலர் அப்படியே இறந்துபோனார்கள். புரோமைடு உப்பைத் தவிர, சொல்லிக்கொள்ளும்படியான வலிப்பு மருந்து அன்றைக்கு இல்லை.

1912-இல் ஜெர்மனியின் ஹாப்ட்மன் ஃபீனோபார்பிட்டலின் பயனை அறிவித்தார். 1938-இல் அமெரிக்காவிலிருந்து ஃபெனிட்டாயின் வந்தது. அடுத்த வலிப்பு வராமல் தடுக்க இவை உதவின. வந்துவிட்ட வலிப்பைச் சட்டென நிறுத்துவது வேறு வேலை. அதில் பெரிய முன்னேற்றம் 1960-களில் வந்தது: 1965-இல் மர்சேய் நகரத்து கஸ்தோவும் குழுவினரும், ஓயாத வலிப்புக்கு டயசெபாமை ரத்தக்குழாயில் செலுத்திக் கிடைத்த பலனை வெளியிட்டார்கள்.

ஆனால் குழந்தைகள் பற்றிய அச்சம் குறையவில்லை. 1970-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் ஐகார்டியும் ஷெவ்ரியும், ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ வலிப்பு நீடித்த 239 குழந்தைகளின் விவரங்களைத் தொகுத்தார்கள். 11 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். பிழைத்தவர்களில் பலருக்கு கைகால் குறையோ அறிவு வளர்ச்சிக் குறையோ தங்கிவிட்டது. நீண்ட வலிப்பு என்றாலே மூளை போய்விடும் என்ற எண்ணம் மருத்துவர்களிடையே வேரூன்றியது.

இதற்கு எதிர்ச்சான்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியிலிருந்து வந்தது. அங்கே ஷின்னார் உள்ளிட்ட மருத்துவர்கள் ஓயாத வலிப்பு கண்ட 193 குழந்தைகளைக் கவனித்து 1989-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இறந்தவர்கள் 7 பேர். அந்த மரணங்களுக்குக் காரணம் மூளைக்காய்ச்சல் போன்ற அடிப்படை நோய்களே தவிர, வலிப்பின் நீளம் அல்ல. வலிப்பு எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைவிட, எதனால் வந்தது என்பதே குழந்தையின் கதியைத் தீர்மானித்தது.

அதே ஷின்னார் குழு, காய்ச்சல் போன்ற உடனடிக் காரணம் எதுவுமின்றி முதல்முறை வலிப்பு கண்ட 407 குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. அவர்களில் 48 பேருக்கு முதல் வலிப்பே அரை மணி நேரத்தைத் தாண்டியிருந்தது. அதனால் மறுபடி வலிப்பு வரும் வாய்ப்பு குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. ஆனால் மறுபடி வந்தபோது நிலைமை வேறு. நீண்ட வலிப்போடு தொடங்கி மறுபடி வலிப்பு கண்ட 24 பேரில் 5 பேருக்கு அது மீண்டும் நீண்டது. மறுபடி வலிப்பு கண்ட மற்ற 147 பேரில் 2 பேருக்கு மட்டுமே அது நீண்டது.

இந்தக் குழந்தைகளிடம் இன்னொன்றும் தெரியவந்தது. ஐந்து, பத்து நிமிடத்தில் அடங்காத வலிப்பு, அடுத்த சில நிமிடங்களில் தானாக அடங்குவது அரிது. காத்திருப்பதில் பயனில்லை என்றாகிவிட்டது. 2015-இல் உலக வலிப்பு எதிர்ப்புக் கழகம், உடல் முழுதும் வெட்டியிழுக்கும் வலிப்புக்கு ஐந்தாம் நிமிடத்திலேயே சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்றும், முப்பது நிமிடத்தைத் தாண்டினால் நீண்டகாலப் பாதிப்புக்கு இடமுண்டு என்றும் வரையறுத்தது. அந்த எச்சரிக்கை வீணல்ல. அரை மணிக்கு மேல் காய்ச்சல் வலிப்பு நீடித்த 191 குழந்தைகளை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில், 22 பேருக்கு நினைவாற்றலோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் பகுதியில் மாற்றம் தெரிந்தது.

மருந்து கொடுக்கும் வழியும் மாறியது. துடிக்கும் குழந்தையின் சின்னக் கையில் ரத்தக்குழாய் தேடி ஊசி குத்துவது அனுபவசாலிகளுக்கே சிரமம். அதனால் டயசெபாமை ஆசனவாய் வழியாகச் செலுத்தினார்கள். பிறகு மிடசோலாமைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே விடுவதும் மூக்கில் தெளிப்பதும் வழக்கத்துக்கு வந்தன. மருத்துவர் சொல்லிக்கொடுத்தால் பெற்றோரே வீட்டில் செய்துவிடலாம்.

நம் ஊரில் இன்னமும் பலர் முதலில் தேடுவது இரும்புச் சாவியைத்தான். சாவியால் வலிப்பு நிற்காது. குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். முதல் வலிப்பு என்றால், அது சீக்கிரம் நின்றாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.