கீழாநெல்லியும் 37 பேரும்

மஞ்சள் காமாலைன்னதும் நம்ம ஊரில் முதலில் நினைவுக்கு வருவது கீழாநெல்லிதான். மழைக்குப் பிறகு வரப்பிலும் வீட்டு ஓரத்திலும் தானாக முளைக்கும். கிளையைத் திருப்பிப் பாருங்க, இலைகளுக்கு அடியில் குட்டிக் குட்டி நெல்லிக்காய்கள் வரிசையாகத் தொங்கும். அதனால்தான் பழைய பெயர் கீழ்க்காய்நெல்லி. வேரோடு பிடுங்கி அரைத்து, மோரில் கலந்து வெறும் வயிற்றில் குடிப்பார்கள். கூடவே பத்தியம்.

இந்த வீட்டு மருந்து 1988-ல் லண்டனின் லான்செட் மருத்துவ இதழ் வரைக்கும் போனது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவோடு சேர்ந்து அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர் பரூச் பிளம்பெர்க். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976-ல் நோபல் பரிசு பெற்றவர்.

அந்த வைரஸ் உடம்பில் தங்கிவிட்டவர்களுக்கு 200 மில்லிகிராம் கீழாநெல்லிப் பொடியைத் தினம் மூன்று வேளை, 30 நாள் கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளப் புரதம் காணாமல் போயிருந்தது. மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி ஆனது.

நான் பார்த்த பகிர்வுகள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. மிச்சக் கதையும் இருக்கு. தாய்லாந்தில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2011-ல் கோக்ரேன் அமைப்பு அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, போலி மருந்தைவிட இது மேல் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்றது.

அப்போ நம்ம பாட்டிமார் கண்ணால் பார்த்த பலன் பொய்யா? பொய்யில்லை. காமாலை ஒரு அறிகுறி, அதற்குக் காரணம் பல. கெட்ட தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். அந்த நாட்களில் எதைக் குடித்தாலும் பேர் அதற்குத்தான் போகும்.

ஹெபடைடிஸ் பி அப்படியில்லை. கண்ணில் மஞ்சள் இல்லாமலே வருஷக்கணக்கில் உள்ளே இருந்து கல்லீரலைச் சுருக்கலாம், புற்றுநோயாகவும் மாறலாம். மஞ்சள் இறங்கிடுச்சு, செடி குணமாக்கிடுச்சுன்னு விட்டுவிடுவதில் ஆபத்து இங்கேதான் இருக்கு. பித்தக் குழாயில் கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும். அதற்குச் செடியை அரைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது.

கீழாநெல்லியை நான் பழிக்கவில்லை. அதைச் சோதித்துப் பார்க்கத் துணிந்த 1988 ஆய்வு எனக்குப் பெருமைதான். ஆனா கண் மஞ்சளானால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்து, எந்தக் காமாலைன்னு தெரிஞ்சுக்கங்க. பி வைரஸை அடக்கி வைக்க இன்று மாத்திரை இருக்கு. பிறந்த குழந்தைக்கே போடும் தடுப்பூசியும் இருக்கு.