தொழிற்சாலை போனபின் வளர்ந்த கல்லூரி

1986 மார்ச்சில் ஸ்விண்டன் ரயில்வே பட்டறையை மூடினார்கள். 1843இல் திறந்து, இன்ஜின்கள் கட்டிய இடம் அது. நல்ல காலத்தில் அங்கே 14,000 பேர் வேலை பார்த்தார்கள். பிரிட்டிஷ் ரயில்வேக்காகக் கட்டிய கடைசி நீராவி இன்ஜினான 'ஈவினிங் ஸ்டார்' 1960இல் அந்த வாசல் வழியாகத்தான் வெளியே வந்தது. பட்டறை மூடிய அதே ஆண்டில் ஜப்பானியக் கடைகளில் 'ஜி-ஃபோர்ஸ்' என்ற இளஞ்சிவப்பு வாக்குவம் கிளீனர் விற்பனைக்கு வந்தது. விலை எக்கச்சக்கம். அதை உருவாக்கியவர் ஜேம்ஸ் டைசன் என்ற ஆங்கிலேயர். பாத் நகரை அடுத்த தம் வீட்டின் பழைய வண்டிக் கொட்டகையில் அதைச் செய்து முடித்து, சொந்த நாட்டில் வாங்க ஆளில்லாமல் ஜப்பான்காரர்களிடம் உரிமம் கொடுத்திருந்தார்.

ஸ்விண்டனிலிருந்து மேற்கே சுமார் 15 மைல் போனால் மால்ம்ஸ்பரி. வில்ட்ஷயர் மாவட்டத்துச் சிற்றூர். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எய்ல்மர் என்ற துறவி இங்குள்ள மடத்துக் கோபுரத்திலிருந்து இறக்கை கட்டிக்கொண்டு குதித்து, ஓரளவு தூரம் பறந்து, விழுந்து, இரண்டு கால்களையும் முறித்துக்கொண்டார். வால் வைக்க மறந்ததுதான் தவறு என்று பிறகு காரணம் கண்டு சொன்னாராம். இந்த ஊரில்தான் டைசன் பொறியியல் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது.

விழா மலர்களில் நிறுவன வரலாறு எழுதுவதற்கு ஒரு வழக்கம் உண்டு: அடிக்கல், திறப்பு விழா, நன்கொடையாளர் பெயர்கள், நிறைவாக வாழ்த்து. 2017இல் பிறந்த இந்தக் கழகத்தை அப்படி எழுதினால் ஒரு பக்கம்கூட நிரம்பாது. எழுத வேண்டியதெல்லாம் அதற்கு முந்தைய முப்பது நாற்பது ஆண்டுகளில் கிடக்கிறது. பிரிட்டிஷ் உற்பத்தித் தொழிலுக்கு உயிர் கொடுத்தவர் என்று டைசனைப் புகழ்வோர் உண்டு. வேலையைக் கப்பலேற்றியவர் என்று ஏசுவோரும் உண்டு. இரண்டு பேச்சுக்கும் ஆதாரம் மால்ம்ஸ்பரியிலேயே கிடைக்கும்.

டைசன் 1947இல் நார்ஃபோக்கின் கடலோர ஊரான குரோமரில் பிறந்தார். தந்தை கிரஷம்ஸ் பள்ளியில் லத்தீனும் கிரேக்கமும் கற்பித்தவர். மகனுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது புற்றுநோயில் இறந்தார். பள்ளி பையனைக் கைவிடவில்லை, அங்கேயே தொடர்ந்து படிக்க உதவியது. (2019இல் அதே பள்ளிக்கு அவர் 1 கோடியே 87 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு கொடுத்தார்.) பின்பு லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் சேர்ந்து, நாற்காலி மேசை வடிவமைப்பில் தொடங்கி, உள்ளரங்க வடிவமைப்புக்கு மாறி, அங்கே பாடம் எடுத்த கட்டமைப்புப் பொறியாளர் ஆண்டனி ஹன்ட்டால் பொறியியலின் பக்கம் ஈர்க்கப்பட்டார். பொறியியல் பட்டம் அவர் வாங்கியதில்லை. பிற்காலத்தில் பொறியியல் பட்டம் வழங்கும் கழகத்தை நிறுவியவருக்கு இது ஒரு விசித்திரமான தகுதிதான்.

உண்மையான கல்லூரி அவருக்கு ரோட்டார்க் நிறுவனம். பாத் நகரில் அதை நடத்திவந்த ஜெரமி ஃப்ரை, மாணவப் பருவத்திலேயே டைசனைப் பிடித்து, 'சீ டிரக்' என்ற தட்டையடிப் படகை வடிவமைக்கும் பொறுப்பைக் கொடுத்தார். முன் அனுபவம் உண்டா என்று கேட்கவில்லை. கணக்குப் போட்டுக் காட்டு என்றும் சொல்லவில்லை. பட்டறை அங்கே இருக்கிறது, செய்து பார் என்பதுதான் ஃப்ரையின் பாடமுறை. செய்து முடித்தபின் படகை விற்கும் வேலையையும் அவர் தலையிலேயே கட்டினார். மால்ம்ஸ்பரியில் இன்று நடப்பதை விளங்கிக்கொள்ள இந்த ஒரு செய்தி போதும் என்பது என் எண்ணம்.

1974இல் 'பால்பேரோ' வந்தது. சேற்றில் புதையாமலிருக்க, சக்கரத்துக்குப் பதில் பெரிய பிளாஸ்டிக் பந்து வைத்த தள்ளுவண்டி. அதன் இரும்புச் சட்டங்களுக்குப் பவுடர் கோட்டிங் அடிக்கும் இடத்தில் காற்றோடு பறக்கும் பவுடர் வடிதுணியை அடைத்துக்கொள்ளும்; அடைக்கும்போதெல்லாம் வேலை நிற்கும். மர அறுவை ஆலைகளில் தூளைப் பிரிக்க சைக்ளோன் என்ற கூம்பு வைத்திருப்பார்கள். அதே மாதிரி 30 அடி உயரத்தில் ஒன்றைத் தம் ஆலைக்குக் கட்டினார் டைசன். தூசுக் காற்று கூம்பின் விளிம்பை ஒட்டி நுழைந்து சுழல்கிறது. வேகமாகச் சுற்றும் ராட்டினத்தில் தொட்டில்கள் வெளிநோக்கி வீசப்படுவதுபோல் கனமான துகள்கள் சுவரில் மோதிக் கீழே சரிய, சுத்தமான காற்று நடு வழியே மேலேறிப் போய்விடுகிறது. அடைக்கத் துணியே கிடையாது. வீட்டில் இருந்த ஹூவர் வாக்குவம் கிளீனரும் பை அடைத்து இழுவை குறைந்து முனகிக்கொண்டிருந்தது. அதன் பையைக் கழற்றிவிட்டு, அட்டையும் பசைநாடாவும் கொண்டு ஒரு குட்டிச் சைக்ளோனைப் பொருத்திப் பார்த்தார்.

1979இல் சொந்தக் கம்பெனியின் இயக்குநர் குழுவே அவரை வெளியேற்றியது. பால்பேரோவின் காப்புரிமையை அவர் கம்பெனி பெயருக்கு எழுதிக் கொடுத்திருந்தார். ஆகவே வண்டியும் போயிற்று. அடுத்த ஐந்தாண்டுகள்தான் சைக்ளோன் வாக்குவம் கிளீனருக்காகச் செய்த, புகழ்பெற்ற அந்த 5,127 மாதிரிகளின் காலம். 5,126 தோற்றன. எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் படுவது முறை: ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம், பிறகு சோதனை, பிறகு குறிப்பு. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. கடன் ஏறியது, வீடு அடமானத்தில் இருந்தது. மனைவி டீட்ரா ஓவிய ஆசிரியையாக வேலை செய்து குடும்பத்தைத் தாங்கினார். சைக்ளோனைப் பெரிய கம்பெனிகளிடம் கொண்டுபோனபோது ஒருவரும் தொடவில்லை. பை விற்றே தொடர் வருமானம் பார்த்தவர்கள் பையில்லாத இயந்திரத்தை ஏன் வாங்க வேண்டும்? அன்றே வாங்கி அலமாரியில் போட்டுப் பூட்டாமல் விட்டோமே என்று ஹூவரின் உயரதிகாரி ஒருவர் பின்னாளில் தொலைக்காட்சியில் வருத்தப்பட்டார்.

வாக்குவம் கிளீனரே பிரிட்டனின் பிள்ளை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1901இல் ஹூபர்ட் செசில் பூத் காப்புரிமை பெற்ற இயந்திரம் குதிரை வண்டியில் ஊர் சுற்றி, வீட்டு ஜன்னல் வழியாகக் குழாய் விட்டுத் தூசு இழுத்தது. வீட்டுக்கு வீடு அதை விற்றதோ அமெரிக்க ஹூவரும் சுவீடனின் எலக்ட்ரோலக்ஸும். லண்டன் பெரிவேலில் ஹூவர் கட்டிய அழகான வெள்ளைத் தொழிற்சாலையில் 1982இல் உற்பத்தி நின்றது. 1992இல் அங்கே டெஸ்கோ சூப்பர்மார்க்கெட் வந்தது. செய்த இடத்தில் விற்பனை. அந்தக் காலத்து பிரிட்டனைச் சொல்ல வேறு சான்று தேவையில்லை.

அடுத்த ஆண்டு, 1993இல், வில்ட்ஷயரின் சிப்பன்ஹாமில் டைசனின் சொந்த ஆலையில் டிசி01 என்ற வாக்குவம் கிளீனர் உருவாகத் தொடங்கியது. கடையில் சுமார் 200 பவுண்டு. மற்றவற்றைவிட மிக அதிகம். தூசு வெளியே தெரியும்படி கண்ணாடிபோன்ற தொட்டி வைத்தது பைத்தியக்காரத்தனம் என்று கடைக்காரர்கள் சொன்னார்கள். வாங்கியவர்களோ தங்கள் வீட்டுத் தூசைப் பார்த்துப் பரவசப்பட்டார்கள். பதினெட்டு மாதங்களில் நாட்டிலேயே அதிகம் விற்கும் வாக்குவம் கிளீனர் ஆயிற்று. 1995இல் இடம் போதாமல் மால்ம்ஸ்பரிக்கு மாறினார்கள். சைக்ளோனைத் தழுவிச் செய்ததற்காக ஹூவர்மீது வழக்குப் போட்டு 2000இல் வென்றார்கள். அந்தச் சில ஆண்டுகளில்தான், சிறு நகரத்து ஆலையில் பிரிட்டிஷ் கைகளால் செய்த இயந்திரம் உலகச் சந்தையை மிரட்டும் என்ற கதை பத்திரிகைகளில் நிலைத்தது.

கதை 2002இல் உடைந்தது. வாக்குவம் கிளீனர் உற்பத்தி மலேசியாவுக்கு மாறியது. சுமார் 800 பேர் வேலை இழந்தார்கள். மறு ஆண்டு வாஷிங் மெஷின் உற்பத்தியும் போயிற்று. ஆலையை விரிவாக்க அனுமதி கிடைக்கவில்லை, உதிரிபாகம் தருகிறவர்கள் எல்லாரும் கிழக்காசியாவில் இருக்கிறார்கள், கூலி கட்டுப்படியாகவில்லை என்று காரணங்கள் சொன்னார் டைசன். தொழிற்சங்கங்கள் ஏற்கவில்லை. கணக்கில் அவர் சொன்னது சரியாக இருக்கலாம். ஆனால் மால்ம்ஸ்பரியில் ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் தொழிலாளிக்கு அந்தக் கணக்கு ஆறுதல் தந்திருக்காது. அந்த வருத்தத்தை மறைத்து இந்த வரலாற்றை எழுதுவது நேர்மையல்ல.

ஆலை காலியான இடத்தில் ஆராய்ச்சிக்கூடங்கள் வந்தன. பொறியாளர்கள் ஆயிரக்கணக்கில் பெருகினார்கள். அதிவேக டிஜிட்டல் மோட்டார், 2006இல் கை உலர்த்தும் ஏர்பிளேடு, 2009இல் இறக்கையில்லாத மின்விசிறி, 2016இல் தலைமுடி உலர்த்தி, எல்லாம் இங்கே வரைந்து வேறெங்கோ செய்தவை. பட்டறைக் காரியத்தை விட்டுவிட்டு வடிவமைப்பை மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா என்ற கேள்வி இதோடு எழுந்தது. டைசனுக்கு அதைவிட அவசரமான கேள்வி இன்னொன்று: இத்தனை பொறியாளர்களுக்கு எங்கே போவது?

முதல் முயற்சி பாத் நகரில். ஒரு காலத்தில் ஸ்டாதர்ட் அண்ட் பிட் நிறுவனம் கிரேன் செய்த நியூவார்க் வொர்க்ஸ் வளாகத்தில் பதின்வயது மாணவர்களுக்குப் பொறியியலும் வடிவமைப்பும் கற்பிக்கும் பள்ளி. ஆற்றங்கரை என்பதால் வெள்ள அபாயம் என்று ஓர் ஆட்சேபம், பழைய கட்டடம் என்று இன்னொன்று. இழுபறி நீண்டு 2008இல் திட்டம் கைவிடப்பட்டது. நல்ல திட்டம் கோப்புக்குள் செத்துப்போவதற்கு இது தேர்ந்த உதாரணம்.

2010 மார்ச்சில் கன்சர்வேடிவ் கட்சிக்காக 'இன்ஜீனியஸ் பிரிட்டன்' அறிக்கையை டைசன் எழுதினார். சிறு கம்பெனிகளின் ஆராய்ச்சிச் செலவுக்கான வரிச்சலுகையை 200 சதவீதமாக்குங்கள் என்றது அது. 2011 ஏப்ரலில் அரசு அப்படியே செய்தது. பிரிட்டிஷ் தொழில்துறைக்கு அவர் செய்தவற்றில் அதிகம் பேசப்படாதது இது என்பேன். பிறகு அவருடைய அறக்கட்டளைப் பணம் கல்லூரிகளுக்குப் போனது: ராயல் கலைக் கல்லூரிக்கு 50 லட்சம் பவுண்டு, கேம்பிரிட்ஜுக்கு 80 லட்சம், இம்பீரியல் கல்லூரியின் வடிவமைப்புப் பொறியியல் பள்ளிக்கு 1 கோடியே 20 லட்சம்.

பொறியாளர் பஞ்சத்தைப் பற்றி உயர்கல்வி அமைச்சர் ஜோ ஜான்சனிடம் புலம்பப் போன இடத்தில், நீங்களே ஒரு பல்கலைக்கழகம் தொடங்கலாமே என்று பதில் வந்தது. 2017 செப்டம்பரில் 33 மாணவர்களோடு கழகம் தொடங்கியது. நான்கு வருடப் படிப்பு. கட்டணம் இல்லை, மாணவர்களுக்குச் சம்பளம் உண்டு. வாரத்தில் மூன்று நாள் கம்பெனியின் பொறியாளர்களோடு நிஜமான திட்டங்களில் வேலை, இரண்டு நாள் வகுப்பு. ஃப்ரையின் பாடமுறைதான், பாடத்திட்டமும் தேர்வும் சேர்ந்த வடிவில். தொடக்கத்தில் பட்டம் வாரிக் பல்கலைக்கழகத்துடையது. 2020இல், புதிய சட்டத்தின்கீழ் சொந்தமாகப் பட்டம் வழங்கும் அதிகாரம் பெற்ற முதல் நிறுவனம் ஆனது. முதல் அணி 2021இல் வாரிக் பட்டத்தோடு வெளியே வந்தது.

விடுதியும் பார்க்கத் தக்கது. வில்கின்சன்ஐயர் கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்த மர அறைகள். ஆலையில் முழுதாகச் செய்து லாரியில் கொண்டுவந்து, ஒன்றின்மேல் ஒன்றாகச் சற்றுத் தள்ளித் தள்ளி அடுக்கியிருக்கிறார்கள். வளாகத்து வாகன நிறுத்தத்தில் ஒரு ஹாரியர் போர் விமானம் நிற்கிறது. சிற்றுண்டிச்சாலையின் கூரையிலிருந்து லைட்னிங் விமானம் தொங்குகிறது. பாதியாக அறுத்த மினி காரும் உண்டு, உள்ளே இன்ஜினைக் குறுக்காகப் பொருத்திய சாமர்த்தியம் தெரியும்படி.

2019 ஜனவரியில் தலைமையகத்தைச் சிங்கப்பூருக்கு மாற்றுவதாக அறிவிப்பு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வேண்டும் என்று வாதாடியவரே போகிறார் என்று நாடு கொதித்தது. அதே ஆண்டு அக்டோபரில், சொந்தப் பணம் 50 கோடி பவுண்டு விழுங்கிய மின்சாரக் கார்த் திட்டம் கைவிடப்பட்டது. கார் நன்றாகத்தான் இருந்தது, விற்று லாபம் பார்க்க முடியாது என்றார்கள். 2024 ஜூலையில் பிரிட்டனில் உள்ள சுமார் 3,500 ஊழியர்களில் 1,000 பேர்வரை குறைக்கப்போவதாகக் கம்பெனி சொன்னது. கம்பெனியோடு ஒட்டிப் பிறந்த கழகத்துக்கு இது சின்ன விஷயமல்ல. பட்டம் தரும் அதிகாரம் கழகத்தின் கையில். பயிற்சிக்கான பட்டறையும் மாணவரின் சம்பளமும் கம்பெனியின் கையில். கம்பெனிக்குச் சளி பிடித்தால் கழகம் தும்மாமல் இருக்குமா என்பது இனி வரும் வரவு செலவுகளில் தெரியும்.