அடித்தலும் திருத்தலும்

ஒரு நாட்டின் அரசியற் சாசனத்தை அச்சிற் காணும்போது, அஃது ஒரே மூச்சில் எழுதி முடிக்கப்பட்டதோ என்று எண்ணத் தோன்றும். அவ்வாறன்று என்பதற்கு, பென்சில்வேனியா வரலாற்றுக் கழகம் பேணிக்காத்த சில கையெழுத்துத் தாள்கள் சான்று பகர்கின்றன. அவற்றை எழுதியவர் ஜேம்ஸ் வில்சன் என்னும் வழக்கறிஞர்.

1742ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்திற் பிறந்த வில்சன், இளமையிலே அமெரிக்கா சென்று சட்டம் பயின்றார். சுதந்திரப் பிரகடனத்திலும் அரசியற் சாசனத்திலும் கையொப்பமிட்ட ஒருசிலருள் அவரும் ஒருவர். 1787ஆம் ஆண்டு யூலை மாதத்தில், பிலடெல்பியாவிற் கூடிய மகாநாடு, தன் தீர்மானங்களைச் சாசனமாக வரைந்து தருமாறு ஐவர் கொண்ட குழுவொன்றைப் பணித்தது. அக்குழுவின் இறுதி வரைவு வில்சனின் கையெழுத்திலே உள்ளது. ஆங்காங்கே தலைவர் ஜோன் றட்லெட்ஜ் செய்த திருத்தங்களும் காணப்படுகின்றன.

அவ்வரைவின் முதல் வாக்கியம் நம் கருத்துக்குரியது. மக்களாகிய நாம் என்று அது தொடங்குகிறது; ஆயினும் எந்த மக்கள் என்பதைக் கூறுமிடத்துப் பதின்மூன்று மாநிலங்களையும் பெயர் சொல்லி அடுக்குகிறது. மகாநாட்டுக்கு ஒருவரையேனும் அனுப்பாத றோட் ஐலண்டும் அப்பட்டியலில் உண்டு! செப்டெம்பரில் மொழிநடையைச் செப்பனிட்ட குழு, அப்பெயர்களை நீக்கி, ஐக்கிய நாடுகளின் மக்கள் என்று மாற்றியது. ஒன்பது மாநிலங்கள் இசைந்தாற் போதும் என்பது விதி; இசையப்போகின்றவை எவையென முன்னறிதல் இயலாது. மாற்றத்துக்கு இதுவே காரணம் என்பர் வரலாற்றாசிரியர் பலர். றோட் ஐலண்டு இசைந்தது 1790இலேதான்.

மாநிலங்கள் என்னாது மக்கள் என்றது ஏன் என்று, 1788இல் வேர்ஜீனியாவிலே பட்றிக் ஹென்றி சினந்து வினவினார். மக்கள் என்னும் சொல் கடைசி நேரத்திற் புகுத்தப்பட்டதன்று என்பதை வில்சனின் தாள்கள் காட்டுகின்றன.

ஆனால் அச்சொல்லுள் எல்லோரும் அடங்கினரல்லர். பிரதிநிதித்துவக் கணக்கில் அடிமைகள் ஐவரை மூவராகக் கொள்ளும் பிரேரணையை 1787ஆம் ஆண்டு யூன் மாதத்திற் கொணர்ந்தவரும் வில்சனே.

பின்னாளில் உயர் நீதிமன்ற நீதியரசராய் விளங்கிய அவர், காணி வியாபாரத்திற் பெருங்கடன் பட்டு, பதவியில் இருக்கும்போதே சிறை புகுந்தார். 1798இல் வட கரோலினாவில் வறியவராய் மறைந்தார். 1906ஆம் ஆண்டிலேதான் அவர் பூதவுடலின் எச்சம் பிலடெல்பியாவுக்குக் கொண்டுவரப்பட்டது.

பெரியோரின் சாசனங்களை வணங்குவோர், அவர்தம் வரைவுத் தாள்களையும் வாசித்தல் வேண்டும். மனிதர் கூடித் தயங்கியும் திருத்தியும் எழுதியதே சட்டம் என்பதை உணர்ந்தோர், குறை கண்டவிடத்து அதனைத் திருத்தவும் அஞ்சார்.