மூன்று மாத்திரைகள்

நான் பள்ளியில் படித்த காலத்தில் குமணன்சாவடியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். வருஷத்தில் ஒருநாள் நர்ஸம்மா ஒருவர் வாசலுக்கு வருவார். பெரியவர்களுக்கு மூன்று சின்ன மாத்திரை, கூடவே பூச்சி மாத்திரை ஒன்று. "என் எதிர்லயே முழுங்கணும்" என்பார். அம்மா வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பதுபோல் பாவனை செய்துவிட்டு, அவர் அடுத்த வீட்டுக்கு நகர்ந்ததும் கொல்லைப்பக்கம் போய்த் துப்பிவிடுவார். முந்தைய வருஷம் மாத்திரை போட்ட எதிர்வீட்டு அக்காவுக்கு அன்று ராத்திரியே குளிரும் காய்ச்சலும் வந்திருந்தது. "நல்லா இருக்கிற உடம்புக்கு எதுக்குடா மாத்திரை?" என்பது அம்மாவின் வாதம்.

ஆயா இந்த வாதத்தில் கலந்துகொள்ள மாட்டார். அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே உரல்போல வீங்கியிருக்கும். பஸ்ஸில் உட்கார்ந்ததும் முதல் வேலையாகப் புடவையை இழுத்துப் பாதத்தை மூடிக்கொள்வார்.

அந்த மாத்திரையின் பெயர் டைஎத்தில்கார்பமசைன், சுருக்கமாக டிஇசி. அதன் வரலாற்றைப் பின்தொடர்ந்து போனால், முக்கியமான ஒரு கண்ணி சென்னையிலேயே கிடைக்கிறது. எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895இல், அன்றைய சென்னை மாகாணத்தின் பீமாவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது கதர் அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, ஒருபடி குறைந்த எல்.எம்.எஸ்.தான் கிடைத்தது. 1923இல் அமெரிக்கா போனார். ஹார்வர்டில் பல வருஷம் வேலை செய்துவிட்டு, 1940இல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார்.

இரண்டாம் உலகப்போரில் பசிபிக் தீவுகளுக்குப் போன அமெரிக்க வீரர்கள் ஆயிரக்கணக்கில் யானைக்கால் புழுத் தொற்றுக்கு ஆளானார்கள். ஏழைகளின் நோய் திடீரென்று ராணுவத்தின் நோயானது. சுப்பாராவின் குழு 1947இல் டிஇசியை அறிவித்தது; ஹெட்ரசான் என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார்.

ஆனால் மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதில் ஒரு புதிர் இருந்தது. லண்டனில் அதை ஆராய்ந்தவர் ஃபிராங்க் ஹாக்கிங், இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கின் அப்பா. கண்ணாடிக் குழாயில் மருந்துக் கரைசலில் போட்ட குட்டிப் புழுக்கள் சாகவில்லை. அதே மருந்தை உயிருள்ள எலிக்குக் கொடுத்தால், சில நிமிஷங்களில் புழுக்கள் ரத்தத்திலிருந்து காணாமல் போயின. அவை கல்லீரலின் நுண்குழாய்களில் சிக்கி, அங்கிருந்த விழுங்கணுக்களுக்கு இரையாகிக்கொண்டிருந்தன. என் தொழிலில் லேப்டாப்பில் ஒழுங்காக ஓடுகிற புரோகிராம் கஸ்டமரிடம் போனதும் படுத்துக்கொள்ளும். இது நேர் தலைகீழ்: லேப்பில் ஓடாமல் கஸ்டமரிடம் மட்டும் ஓடுகிற புரோகிராம். அப்படியென்றால் பாதி கோடு கஸ்டமரின் உடம்பில் இருக்கிறது.

அந்தப் பாதி வேறொரு துறையிலிருந்து வெளிப்பட்டது. நம் ரத்த அணுக்களின் மேலுறை கொழுப்பால் ஆனது. அந்த உறைக்குள் அரகிடோனிக் அமிலம் என்ற, இருபது கார்பன் நீளக் கொழுப்பு அமிலம் பொதிந்திருக்கிறது. அணு சீண்டப்பட்டால் ஒரு நொதி அதை வெட்டி எடுக்கும். பிறகு இரண்டு முக்கியப் பாதைகள். ஒன்றில் புரோஸ்டாகிளாண்டின்கள் உருவாகின்றன: காய்ச்சலைக் கிளப்புவது, ரத்தக்குழாயை விரிப்பது, தட்டணுக்களை ஒட்டவிடாமல் தடுப்பது எனப் பல வேலை பார்க்கிற குடும்பம் அது. இன்னொன்றில் லூக்கோட்ரையீன்கள், வெள்ளணுக்களை அடிபட்ட இடத்துக்கு அழைப்பவை அவற்றில் உண்டு. இவை முன்கூட்டியே செய்து வைக்கப்படுவதில்லை. தேவைப்படும்போது தயாராகி, சீக்கிரமே சிதைந்துவிடும். ஆஸ்பிரின் முதல் பாதையை அடைக்கிறது என்று ஜான் வேன் 1971இல் காட்டினார். லூக்கோட்ரையீனுக்கு சாமுவேல்சன் பெயர் வைத்தது 1979இல். பெரிஸ்ட்ராமோடு சேர்த்து மூவருக்கும் 1982இல் நோபல் பரிசு கிடைத்தது.

அதே 1980களில், டிஇசி லூக்கோட்ரையீன் உற்பத்தியைத் தடுக்கிறது என்று தெரியவந்தது. 1990இல் அதைவிட விசித்திரமான செய்தி: யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுக்களில் ஒன்றான புரூகியாவின் குட்டிகள், அரகிடோனிக் அமிலத்திலிருந்து தாங்களே புரோஸ்டாகிளாண்டின்களைத் தயாரிக்கின்றன. தட்டணுக்களைச் சும்மா இருக்கச் சொல்லும் புரோஸ்டாசைக்ளினும் அவற்றில் ஒன்று. ரத்தத்துக்கு நடுவிலேயே வாழ்ந்தும் பிடிபடாமல் இருக்க, நம் அணுக்களின் பாஷையையே புழு பேசுகிறது என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். 2005இல் லிவர்பூல் ஆய்வாளர்கள் எலிகளில் சோதித்தார்கள். ஆஸ்பிரின் அடைக்கும் அந்த முதல் பாதை இல்லாவிட்டால் டிஇசி பலிக்கவில்லை. நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் நொதி ஒன்று இல்லாவிட்டாலும் அப்படித்தான். மாத்திரை தனியாகப் புழுவைக் கொல்வதில்லை. உடம்பும் சேர்ந்துதான் அந்த வேலையைச் செய்கிறது.

இப்போது எதிர்வீட்டு அக்காவின் காய்ச்சலுக்கு வருகிறேன். டிஇசி போட்டதும் குட்டிப் புழுக்கள் கூட்டமாகச் சாகும்போது, அவற்றின் எச்சங்களைப் பார்த்து வெள்ளணுக்கள் கொதிக்கின்றன. காய்ச்சல் எழுகிறது, ஒன்றிரண்டு நாளில் அடங்குகிறது. ரத்தத்தில் புழு அதிகம் உள்ளவர்களுக்குத்தான் இது பெரும்பாலும் வரும். எங்கள் லைனில் அந்த மாத்திரை மிகவும் தேவைப்பட்டவர் அநேகமாக அந்த அக்காதான். அவருடைய காய்ச்சலைப் பார்த்துத்தான் மற்ற வீடுகள் துப்பின. துப்பிய வீடுகளில் எத்தனை பேர் ரத்தத்தில் புழு இருந்ததோ, அத்தனை பேரிடமிருந்தும் கொசு அதை அடுத்தவருக்கு எடுத்துப் போயிருக்கும்.

போன மாதம் இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்போ அது நல்ல காய்ச்சலாடா?"

"ஆமாம்மா."

"அந்த நர்ஸம்மா இத சொல்லவே இல்லியே. முழுங்கு, முழுங்குன்னுதான் சொன்னாங்க."

பிறகு ஆயாவுக்கு அந்த மாத்திரை கேட்டிருக்குமா என்றார். இல்லை என்றேன். நிணநீர்க் குழாய்கள் கெட்டு, கால் அந்த அளவுக்குத் தடித்த பிறகு எந்த மாத்திரையாலும் அதைப் பழைய காலாக ஆக்க முடியாது. ஆனால் ஆயா மட்டும் ஒவ்வொரு வருஷமும் மூன்றையும் நர்ஸம்மா எதிரிலேயே விழுங்கினார். தனக்கு இனிமேல் பயனில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். நாங்கள் பார்க்கட்டும் என்றுதான் விழுங்கினாரோ என்று இப்போது தோன்றுகிறது.