மரவாழை, ஜீவந்தி, ஷிஹு: ஆர்க்கிடு மருந்துப் பெயர்களின் மொழிபெயர்ப்பு வரலாறு

1. முன்னுரை

இடுக்கி மாவட்டத்து உடும்பன்சோலை வட்டத்தில், மூணாறு–போடிநாயக்கனூர் மலைவழியை ஒட்டி அமைந்த ஊர் சின்னக்கானல். முதுவரும், தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாகப் பணிபுரியும் தமிழரும், மலையாளிகளும் அடுத்தடுத்து வாழும் இப்பகுதி மொழித்தொடர்பு ஆய்வுக்கு வளமான களமாகும். இம்மலைகளில் மரக்கிளைகளைப் பற்றி வளரும் ஆர்க்கிடுகளை மலையாளம் 'மரவாழ' என்று பொதுவாகச் சுட்டுகிறது. தமிழ் எழுத்துவழக்கிலோ இவற்றுக்கு நிலைபெற்ற பொதுப்பெயர் இல்லை. 'ஆர்க்கிடு' என்னும் கடன்சொல்லே வழங்குகிறது. மலையாளத்திலிருந்தோ வடமொழியிலிருந்தோ சீன மருத்துவ நூல்களிலிருந்தோ ஆர்க்கிடு மருந்தொன்றைத் தமிழில் பெயர்ப்பவர் முதலில் எதிர்கொள்வது இவ்வெற்றிடமே.

வெற்றிடத்தைச் சொல்லால் நிரப்புவது எளிது. ஆனால் அச்சொல் எதைச் சுட்டுகிறது என்பதே வினா. மருந்துச் செடிகளின் பெயர்கள் ஒரே நெறியில் அமைவன அல்ல. சில செடி வாழும் இடத்தையும், சில அதன் பயனையும், சில கடையில் விற்கும் சரக்கையும் சுட்டுகின்றன. இவ்வேறுபாட்டை நோக்காமல் பெயருக்குப் பெயர் ஈடாக வைக்கும்போது, சொல் மாறுவதோடு மருந்தும் மாறிவிடுகிறது. இதனை வரலாற்றுச் சான்றுகளால் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. இடத்தால் பெறும் பெயர்

மலபாரின் டச்சு ஆளுநராயிருந்த ஹென்றிக் வான் ரீடு தொகுப்பித்த 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. செடிகளின் பெயரையும் பயனையும் எடுத்துரைத்தவர்களுள் முதன்மையானவர் இட்டி அச்சுதன் என்னும் மலையாள வைத்தியர். அவர் அளித்த சான்றுரை 1675ஆம் ஆண்டினது. அந்நூலின் 12ஆம் தொகுதியில் ஆர்க்கிடுகள் பல இடம்பெற்றுள்ளன.

அப்பெயர்களின் அமைப்பு மொழியியலாளர் கருதத்தக்கது. லத்தீன் எழுத்தில் 'கன்ஸ்ஜிராம் மரவாரா', 'அன்ஸ்ஜெலி மரவாரா' என்று அச்சாகியுள்ளவை முறையே காஞ்சிர மரவாழ, ஆஞ்சிலி மரவாழ என்பவையாகும். ழகரம் ரகரமாக எழுதப்பட்டுள்ளது. காஞ்சிரம் என்பது எட்டி. ஆஞ்சிலி என்பது அயினிப்பலா. முன்னொட்டு தாங்கும் மரத்தையும் பின்னுறுப்பு தாங்கப்படும் செடியையும் குறிக்கின்றன. அதாவது, செடியை எங்கே தேடவேண்டும் என்ற செய்தியைப் பெயரே ஏந்தி நிற்கிறது.

1753இல் லின்னேயஸ் இவற்றை 'எபிடென்ட்ரம்' என்னும் பேரினத்துள் அடக்கினார். 'மரத்தின்மேல்' என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். பொதுப்பெயரில் மரம் எஞ்சியது. எந்த மரம் என்பது மறைந்தது. காஞ்சிர மரவாழ 'கற்றாழையிலை' எனப் பொருள்படும் அலோயிஃபோலியம் ஆயிற்று. ஆஞ்சிலி மரவாழ 'மழுங்கிய நுனி' எனப் பொருள்படும் ரெட்டூசம் ஆயிற்று. சூழலைச் சுட்டிய பெயர் இலைவடிவைச் சுட்டும் பெயராக மாறியதை, மருத்துவனின் பார்வையிலிருந்து தாவரவியலாளனின் பார்வைக்கு நிகழ்ந்த மாற்றம் எனலாம். ஆயினும் லின்னேயஸ் மலபார்ப் பெயர்களையும் மேற்கோளாகக் குறித்து வைத்தமையால், இன்றும் நம்மால் மூலத்துக்குத் திரும்ப முடிகிறது. மொழிபெயர்ப்பாளர்க்கு இது ஒரு நல்ல முன்மாதிரி.

3. பயனால் பெறும் பெயர்

வடமொழி மருத்துவ நூல்களில் பேசப்படும் 'ஜீவந்தி' என்ற பெயர் 'ஜீவ்' (உயிர்வாழ்) என்னும் அடியிற் பிறந்தது. அது செடியின் உருவத்தைச் சொல்லவில்லை, பயனைச் சொல்கிறது. ஆகவே, அப்பயனைத் தரும் என்று நம்பப்பட்ட செடிகள் பலவும் அப்பெயருக்கு உரிமை கோரின. லெப்டடீனியா ரெட்டிகுலாட்டா என்னும் கொடி ஓரிடத்தில் ஜீவந்தி. கேரளத்தில் அடபதியன் எனப்படும் ஹோலோஸ்டெம்மா ஜீவந்தி. வேறிடங்களில் டென்றோபியம் மேக்ரேயி என்னும் ஆர்க்கிடு ஜீவந்தி. முதலிரண்டும் எருக்கின் உறவினக் கொடிகள். மூன்றாவது அவற்றோடு எவ்வகை உறவும் இல்லாதது.

'ராஸ்னா' என்ற பெயரின் நிலையும் இதுவே. வடக்கே அது புளுச்சியா லான்சியோலாட்டா என்னும் சூரியகாந்திக் குடும்பச் செடி. தெற்கே இஞ்சிக் குடும்பத்து அரத்தை. வங்கத்திலோ வாண்டா என்னும் ஆர்க்கிடு. மூட்டுநோய்க்குரிய ஒரே செய்முறையைப் பின்பற்றும் மூன்று மருத்துவர் மூன்று வெவ்வேறு பொருள்களைத் தம் நோயாளிக்குக் கொடுக்க நேரும். இதில் எவரும் பிழை செய்ததாகக் கூற இயலாது. ஒவ்வொருவரும் தத்தம் மரபில் அச்சொல்லுக்குரிய பொருளையே எடுத்தாண்டனர். ஆனால் ஒரு மரபில் கண்ட பலனை மற்றொரு மரபின் செடிக்கு ஏற்றியுரைக்கும் மொழிபெயர்ப்பு பிழையுடையதே.

4. சரக்கால் பெறும் பெயர்

சீன மருத்துவத்தின் 'ஷிஹு' ஹான் காலத்ததாகக் கருதப்படும் 'ஷென்னோங் பென்சாவ் ஜிங்' என்ற மருந்துநூலில் மேல்வகைச் சரக்குகளுள் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது. அப்பெயரின் முதலெழுத்துக்குக் 'கல்' என்பது பொருள். வாய்வறட்சி, தாகம், நோய்க்குப்பின் தங்கும் காய்ச்சல் ஆகியவற்றுக்கும் வயிற்றின் நீர்மையைக் காப்பதற்கும் இதன் தண்டு பயன்பட்டு வருகிறது. டென்றோபியம் பேரினத்தின் பல இனங்கள் இவ்வொரு பெயரில் அடங்குகின்றன. எனவே ஷிஹு என்பது செடிப்பெயர் அன்று; பதப்படுத்திய சரக்கின் பெயர்.

1932இல் ஜப்பானிய வேதியியலாளர் டென்றோபியம் நோபிலேயிலிருந்து டென்றோபின் என்னும் காரப்போலியைப் பிரித்தெடுத்தனர். ஆனால் அப்பொருள் எல்லா இனங்களிலும் ஒரே அளவில் இல்லை. சீன அரசின் மருந்துநூல் 2010ஆம் ஆண்டுப் பதிப்பில் 'தியேபி ஷிஹு' என்ற வகையைத் தனிப்பதிவாகப் பிரித்தது. நோபிலே இனத்துக்கு டென்றோபின் 0.40 விழுக்காட்டிற்குக் குறையலாகாது என்பது அளவுகோல். தியேபி வகைக்கோ பல்சர்க்கரைகள் 25 விழுக்காட்டிற்குக் குறையலாகாது என்பது அளவுகோல். ஒரே பெயரின்கீழ் வழங்கிய இரண்டும் வேதியியல் நோக்கில் இருவேறு மருந்துகள் என்பதைச் சீனமொழியே உணர்ந்து பெயரைப் பிரித்துக்கொண்டது. அப்பிரிவைத் தமிழாக்கம் அழித்துவிடலாகாது.

5. ஒலியொப்புமையும் பொருள்மயக்கமும்

'டென்றோபியம்' என்ற பெயரை 1799இல் சுவார்ட்ஸ் அமைத்தார். மரம், வாழ்வு என்னும் இரு கிரேக்கச் சொற்களின் புணர்ப்பு அது. 'மரவாழ' என்பதிலும் மரம் உண்டு. 'வாழ்' என்ற ஒலியும் உண்டு. 'ஜீவந்தி'யிலும் வாழ்தற்பொருள் உண்டு. ஆகவே மூன்றும் ஒன்றே என்று முடிவுகட்ட மனம் விழையும். ஆனால் மரவாழ என்பதன் பின்னுறுப்பை வாழை என்னும் பெயராகக் கொள்வதே இயல்பு. வாழ் என்னும் வினையடியாகக் கொள்வது நாட்டார் சொற்பிறப்பின்பாற்படும். ரீடின் நூலில் வரும் 'அனந்தாலி மரவாரா' இன்று டென்றோபியம் ஓவேட்டம் எனப்படுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய அவ்வினம் சீன மருந்துநூலின் ஷிஹுவில் சேராது. பேரினப் பெயர் ஒன்றாயிருப்பதைக் கொண்டு இதனை ஷிஹு என்று பெயர்த்தால், சான்று இல்லாத மருந்தொன்றைச் சொல்லே உண்டாக்கிவிடும்.

மற்றொரு மயக்கம் இதனினும் கேடுடையது. ஆர்க்கிடைப் 'புல்லுருவி' என்று பெயர்க்கும் போக்கு அது. வில்லியம் ஜோன்ஸ் மரத்தில் ஒட்டிவளரும் செடிகளைக் குறித்த 'வந்தா' என்னும் வடசொல்லை ஆர்க்கிடுக்கு வழங்கினார். அக்குறிப்பு 1795இல் அச்சாயிற்று. புல்லுருவி தாங்குமரத்தின் திசுவுள் புகுந்து நீரும் உப்பும் உறிஞ்சும் ஒட்டுண்ணி. ஆர்க்கிடோ இடம் மட்டும் கொள்ளும் தொற்றுச்செடி. எட்டிமரப் புல்லுருவியில் எட்டியின் நஞ்சு காணப்பட்டமை 19ஆம் நூற்றாண்டிலேயே வங்காளத்தில் பதிவாகியுள்ளது. இந்நிலையில் காஞ்சிர மரவாழையை 'எட்டிப் புல்லுருவி' என்று தமிழாக்குவது நச்சுப்பொருளை மருந்தென்று காட்டுவதாகும்.

6. முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று நெறிகள் பெறப்படும். மூலப்பெயர் இடம், பயன், சரக்கு ஆகியவற்றுள் எதனைச் சுட்டுகிறது என்று முதலில் அறிதல். மூலப்பெயரை எழுத்துப்பெயர்ப்பாகக் காத்து, அதனருகே தாவரவியற் பெயரை இடுதல். மரபுவழிப் பயனையும் ஆய்வுவழி நிறுவியதையும் வெவ்வேறு வினைமுற்றுகளால் பிரித்துரைத்தல். பொதுப்பெயராக 'மரவாழை'யைத் தமிழ் ஏற்கலாம். ஆனால் ஒரு மருந்தின் பெயராக அது தனித்து நிற்கலாகாது.

இந்நெறிகள் ஏட்டளவில் நிற்பன அல்ல. ஆர்க்கிடு விதையில் உணவுச்சேமிப்பு இல்லை. உரிய பூசணத்தின் துணையின்றிக் காட்டில் அது முளைப்பதில்லை. ஆர்க்கிடுக் குடும்பம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் பட்டியல்களில் சேர்க்கப்பட்டுள்ளது. சின்னக்கானலை ஒத்த மலையூரில், தவறான ஈட்டுச்சொல் ஒன்று நோயாளியின் கைக்குப் பொருந்தா மருந்தைக் கொண்டுசேர்ப்பதோடு, மரக்கிளையில் பல்லாண்டு முயன்று வேரூன்றிய செடியையும் வீணே பறிக்கச் செய்துவிடும்.