தீவகமும் கல்வியிற் சமத்துவமும்

ஒரு நாட்டின் பிள்ளைகள் யாவர்க்கும் ஒரே தரமான கல்வியைக் கொடுத்தல் வேண்டுமா, அன்றிப் பரீட்சை வைத்துக் கெட்டிக்காரரைத் தெரிந்தெடுத்து அவர்க்கே சிறந்த கல்வியைக் கொடுத்தல் வேண்டுமா என்னும் வழக்கு இன்று நேற்றுத் தோன்றியதன்று. இலங்கையில் அவ்வழக்குப் பலமுறை எழுந்து சட்டமாகவும் வந்திருக்கின்றது. அவ்வப்போது யாழ்ப்பாணம் பெற்றதையும் இழந்ததையும் எழுதினோர் பலர். ஊர்காவற்றுறையும் நயினாதீவும் நெடுந்தீவும் பெற்றது என்ன என்று பிரித்து நோக்கினோர் மிகச் சிலர். நமது வாலிபர்களும் பெரியோர்களும் அதனைச் சிறிது சிந்திக்கும் பொருட்டே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

ஒல்லாந்தர் நம் தீவுகளுக்குத் தம் தேசத்து நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணைத்தீவு லெய்டன், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ப்ற். ஏனைய பெயர்கள் பழைய படங்களோடு நின்றுவிட, டெல்ப்ற் என்பது மாத்திரம் ஆங்கிலத்தில் இன்றும் வழங்குகின்றது. அவர்கள் கோவிற்பற்றுத்தோறும் பள்ளிக்கூடம் வைத்து, பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்குக் குற்றப்பணமும் விதித்தார்கள். அவர்களின் நோக்கம் தங்கள் மதத்தைப் பரப்புவதே என்பது யாவரும் அறிந்தது. ஆயினும் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் வரவேண்டும் என்ற விதி அங்கே இருந்தது.

ஆங்கிலேயர் காலத்தில் அவ்விதி மாறிற்று. தமிழ்ப் பள்ளிக்கூடம் இலவசம். ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்குச் சம்பளம் கட்டவேண்டும். உத்தியோகமோ ஆங்கிலம் படித்தவனுக்கே. 1870-களில் அரசினர், பரீட்சையிற் சித்தியெய்திய பிள்ளைகளின் தொகையைப் பார்த்துப் பாடசாலைகளுக்கு நன்கொடை கொடுக்கும் முறையைக் கைக்கொண்டனர். பிள்ளைகளுக்கு முன்னதாகப் பள்ளிக்கூடங்களே போட்டியில் இறங்கின எனலாம். வட்டுக்கோட்டையில் 1823-ல் தொடங்கிய அமெரிக்க மிஷன் செமினரியும், வண்ணார்பண்ணையில் நாவலர் பெருமான் 1848-ல் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலையும், பின் எழுந்த யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும் குடாநாட்டின் மண்ணிலேயே அமைந்தன. தீவகத்துப் பையன் ஆங்கிலம் படிக்க வேண்டுமாயின் தோணியேறிப் பட்டினத்துக்குச் சென்று, உறவினர் வீட்டுத் திண்ணையிலோ கல்லூரி விடுதியிலோ தங்கவேண்டும். பள்ளிச் சம்பளத்தோடு சோற்றுக்கும் பணம் வேண்டும். வசதியுள்ள வீட்டுக்கே அது கைகூடிற்று.

இக்குறையை ஓரளவு தீர்த்தது அரசாங்கமன்று. 1923-ல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கமும், அதற்கெனத் தம் வாழ்நாளை ஒப்படைத்த இந்துபோர்ட் இராசரத்தினம் அவர்களும் நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளை எழுப்பினார்கள். தென்னிலங்கையிற் கடை வைத்திருந்த தீவகத்து வணிகரின் பணமும் ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கு வந்து சேர்ந்தது. மலாயாவிலிருந்து வந்த பணத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இந்தக் கடைப் பணத்தைப் பற்றி நாம் பேசுவதில்லை.

இவ்விடத்தில் ஒன்றை மறைத்தல் தகாது. பள்ளிக்கூடம் வந்தபின்னும் அதனுள்ளே எல்லாப் பிள்ளைகளும் வாங்கில் இருக்கவில்லை. தாழ்த்தப்பட்ட குலத்துப் பிள்ளைகள் நிலத்தில் இருத்தப்பட்டார்கள். 1920-களின் இறுதியில் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் கொடுக்கவேண்டும் என அரசினர் பணித்தபோது, நம்மவர் பலர் அதனை எதிர்த்தனர். சில பாடசாலைகள் தீக்கிரையாயின. அதே காலத்தில் யாழ்ப்பாணத்து வாலிப காங்கிரசார் சம ஆசனத்தின் பக்கம் நின்றார்கள். பிற்காலத்தில் சமத்துவம் என்ற சொல் கொழும்பிலிருந்து வேறு உருவத்தில் வந்தபோது நாம் கொதித்தெழுந்தோம். கொதித்தது நியாயமே. எனினும் சம ஆசனம் கேட்டோருக்கு நாம் சொன்ன விடையையும் உடன்வைத்துப் படித்தல் வேண்டும்.

கல்வி மந்திரி கன்னங்கரா அவர்களின் விசேட கமிற்றி 1943-ல் அறிக்கை வெளியிட்டது. 1945 ஒக்டோபர் முதலாந் திகதி தொட்டுப் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. மத்திய பாடசாலைத் திட்டத்தில் தீவகத்துக்குக் கிடைத்தது வேலணை மத்திய கல்லூரி. அரசாங்க சபையின் சபாநாயகராக 1936 முதல் 1947 வரை வீற்றிருந்த வேலணை சேர் வைத்திலிங்கம் துரைசுவாமி அவர்களின் பெயரை அது பின்னாளில் தாங்கியது. தோணியேறாமல் தீவகத்திலேயே உயர்கல்வி பெறும் வழி ஏழை வீட்டுக்குத் திறந்தது அப்போதுதான்.

ஆனால் அதே திட்டத்தின் வயிற்றில் போட்டியும் பிறந்தது. ஐந்தாம் வகுப்பிற் புலமைப்பரிசிற் பரீட்சை வைத்து, தேறிய பிள்ளைகளுக்கு விடுதியும் உணவும் கொடுத்து மத்திய பாடசாலையில் சேர்த்தனர். இங்கிலாந்திலும் 1944-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் பதினொரு வயதிற் பிள்ளைகளைப் பரீட்சையாற் பிரித்தனர். அக்காலத்துக் காற்று அவ்வாறு வீசிற்று. தொடக்கத்தில் ஏழைப் பிள்ளைக்கு ஏணியாயிருந்த இப்பரீட்சை, காலப்போக்கிற் பேர்பெற்ற பட்டினப் பாடசாலைகளுக்கு ஆட்சேர்க்கும் வாயிலாயிற்று. நயினாதீவிலோ நெடுந்தீவிலோ ஒரு பிள்ளை அதிக புள்ளி எடுத்தால் ஊர் மகிழ்கின்றது. அடுத்த தை மாதம் அப்பிள்ளை யாழ்ப்பாணத்துக்குப் போய்விடுகின்றது. பிள்ளையோடு தாயும், சிலவேளை குடும்பமும் போகின்றன. அடுத்த ஆண்டு வகுப்பிற் பிள்ளைகள் குறைகின்றார்கள். பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் தொகையும் குறைகின்றது. ஆசிரியர் குறைந்தமை கண்டு எஞ்சிய பெற்றோரும் புறப்படுகின்றார்கள்.

1960-ஆம், 1961-ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசாங்கம் உதவி நன்கொடைப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. சங்கங்களும் மிஷன்களும் கட்டியவை அரசின் கைக்கு மாறின. அதைப்பற்றி இம்மலர் போன்றவற்றில் நிறையவே எழுதப்பட்டுவிட்டது.

நம்மவர் நெஞ்சில் ஆறாத வடுவாயுள்ளது 1970-க்குப் பின் நிகழ்ந்தது. அவ்வாண்டு வைத்தியக் கல்விக்கு, 400 புள்ளிகளுக்குத் தமிழ்மொழி மூலம் எழுதியவன் 250 எடுக்கவேண்டியிருக்க, சிங்களமொழி மூலம் எழுதியவனுக்கு 229 போதுமாயிற்று. பின்னர் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974-ல் சனத்தொகைப்படி மாவட்டப் பங்கீடும் வந்தன. மொழியைப் பார்த்துப் புள்ளியை மாற்றியது அநீதி, அதற்குச் சமாதானமில்லை. மாவட்டப் பங்கீடு அவ்வளவு எளிதிற் தீர்ப்புச் சொல்லக்கூடியதன்று. அதனால் யாழ்ப்பாணத்தோடு கொழும்பும் இழந்தது. ஆய்வுகூடமே காணாத பின்தங்கிய மாவட்டங்கள் சில இடங்களைப் பெற்றன.

அக்காலத்தில் நாம் எழுப்பிய குரல் "திறமைக்கே இடம்" என்பது. அக்குரலில் நெடுந்தீவுப் பிள்ளையின் குரலும் சேர்த்து எண்ணப்பட்டது. ஆனால் திறமையைக் காட்டும் ஆய்வுகூடமும், விஞ்ஞான ஆசிரியரும், தனி வகுப்புகளும் பட்டினத்திலும் அதன் அயலிலுமே இருந்தன. திறந்த போட்டி நடந்தால் நெடுந்தீவுப் பிள்ளை பட்டினத்துப் பிள்ளைக்குப் பின்னே நின்றது. மாவட்டப் பங்கீடு வந்தபோது, அதே பட்டினத்துப் பிள்ளையோடு ஒரே மாவட்டத்தில் நின்று, முன்னிலும் குறைந்த இடங்களுக்குப் போட்டியிட்டது. இன்றைய முறையில் நாடளாவிய திறமைக்கு 40 வீதமும், மாவட்டச் சனத்தொகைக்கு 55 வீதமும், பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதமும் ஒதுக்கப்படுகின்றன.  ஆகவே குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணிநேரம் படகில் போகவேண்டிய நெடுந்தீவு, பல்கலைக்கழகக் கணக்கில் பட்டினத்தோடு சேர்ந்த ஒரே மாவட்டம்! ஆசிரியர்களை இடமாற்றும்போது அதே நெடுந்தீவு கஷ்டப் பிரதேசம் ஆகின்றது. ஒரே அரசாங்கத்தின் இரண்டு பேரேடுகளில் ஒரு தீவுக்கு இரண்டு விலாசம்.

பிள்ளைகளை இளம் வயதிற் பிரிக்கும் முறையைக் கைவிட்ட நாடு ஒன்றுண்டு. பின்லாந்தினர் 1968-ல் சட்டமியற்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்பதாண்டுப் பொதுப் பாடசாலையை வகுத்தனர். அதனைத் தலைநகரிற் தொடங்கவில்லை. 1972-ல் வடகோடியிலுள்ள பனிப் பிரதேசமான லாப்லாந்திற் தொடங்கி, ஆண்டுதோறும் தெற்கே நகர்ந்து, 1977-ல் தலைநகர்ப் பகுதியை அடைந்தார்கள். அங்கும் பல்கலைக்கழக வாயிலில் போட்டி கடுமையே. நம் நாட்டிலோ சுமார் 10,000 அரசாங்கப் பாடசாலைகளுள் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உடையவை பத்தில் ஒன்றளவே. அவை நகரங்களைச் சுற்றியே செறிந்திருக்கின்றன.

1990-ஆம் ஆண்டையடுத்த இடப்பெயர்வில் தீவகத்துப் பாடசாலைகள் வெறிச்சோடின. திரும்பி வந்தோர் குறைவு; கட்டடங்கள் இருந்தும் பிள்ளைகள் இல்லாத நிலை பல ஊர்களில் ஏற்பட்டது. இருக்கும் பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்பதே இப்போதைய கேள்வி. மாவட்டத்தை விடச் சிறிய அலகில் இடம் ஒதுக்கலாமே என்றால், பரீட்சைக்காகவே பலர் ஊர் மாறி வந்து பதிவார்கள் என்று மறுப்புக் கூறப்படுகின்றது. பின்தங்கிய மாவட்டங்களில் அவ்வாறு நடந்ததுமுண்டு. ஆதலால் அம்மறுப்பு வெறும் சாட்டன்று. ஆயினும் புதிய எல்லை எதனையும் கீறவேண்டியதில்லை. யாழ்ப்பாண மாவட்டத்துக் கல்வி நிர்வாகம் ஐந்து வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றது. அவற்றுள் ஒன்று தீவக வலயம். ஊர்காவற்றுறையும் வேலணையும் நயினாதீவும் நெடுந்தீவும் அதற்குள் அடங்கும். ஆசிரியர் நியமனம், பாடசாலை மேற்பார்வை, பரீட்சைப் பெறுபேற்று ஆய்வு யாவும் அவ்வலயத்தின் பெயரிலேயே நடக்கின்றன. பல்கலைக்கழக அனுமதிக் கணக்கு மாத்திரம் மாவட்டத்தோடு நின்றுவிடுகின்றது.